இரவல் துக்கம்

'இரவல் துக்கம்' என்ற சொற்சேர்க்கையை எங்கிருந்து எடுத்தேன் என்று சமீபத்தில் ஒரு நண்பர் கேட்டார். இந்தப் பக்கங்களில் அதை நான் குறைந்தது நான்கு முறை உபயோகித்திருக்கிறேன். நான்கு முறையும் யாராவது ஒரு கவிஞரை அடிப்பதற்காக. ஏதோ ஆங்கில விமர்சகரிடமிருந்து வந்திருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் மறுக்கவில்லை. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. வாங்கியவனுக்கு இந்த மாதிரிச் சில சௌகரியங்கள் உண்டு. உண்மையில் அது எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. பதின்மூன்று வயதில், கல்கத்தாவில், பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை ஒருநாள் வெளியே அழைத்துக்கொண்டு போனார்களே, அதிலிருந்து வந்தது. எழுதிவிடுவதுதான் நல்லது. அந்தச் சொல்லை இதுவரை நான் பிரயோகித்த விதம் சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அப்பாவுக்கு அப்போது கல்கத்தாவில் உத்தியோகம். லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தோம். முருங்கைக்காயும் வாழை இலையும் காப்பிப் பொடியும் கிடைக்கிற இடம் என்பதால் தமிழர்கள் வெகு காலமாக அங்கே ஒட்டிக்கொண்டிருந்தார்கள். 2002 டிசம்பர். கல்கத்தாவின் அந்தச் சின்னக் குளிரில் காதுவரை குல்லாய் மாட்டிய பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எல்லாப் பள்ளிக்கூட பஸ்களும் எங்காவது கிளம்பும். எட்டாம் வகுப்பை எங்கே அழைத்துப் போவது என்பதில் விளையாட்டு ஸாருக்கும் சரித்திர ஸாருக்கும் தகராறு. தலைமையாசிரியர் நாளை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி கொடுத்தார். காலையில் ஈடன் கார்டன்ஸ் ஸ்டேடியம். மத்தியானம் சௌத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சம்பந்தம் இருப்பதுபோல் எழுதுவதுதான் பிற்பாடு எங்களுக்கு வீட்டுப்பாடமாகத் தரப்பட்டது.

ஆட்டம் இல்லாத நாளில் ஸ்டேடியத்தைப் பார்ப்பது விசித்திரமான விஷயம். அந்தக் காலத்தில் அங்கே லட்சம் பேர் உட்காரலாம் என்பார்கள் (2011 உலகக் கோப்பைக்காக மாற்றிக் கட்டியபோது சுமார் 66,000 ஆகக் குறைந்துவிட்டது). லட்சம் பேர் இல்லாத இடம் வெறுமனே காலியான இடம் அல்ல. காலியாக இருப்பதையே ஒரு காரியமாகச் செய்துகொண்டிருக்கிற இடம். நாங்கள் நாற்பது பேர் கத்திப் பார்த்தோம். சத்தம் எங்கோ போய்க் கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வந்தது. பையன்களுக்கெல்லாம் ஒரே எதிர்பார்ப்புதான்: லட்சுமணன் நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும். 2001 மார்ச்சில் ஃபாலோ-ஆன் வாங்கிய இந்தியா ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்த ஆட்டம். அவர் 281, டிராவிட் 180. மார்ச் 14ஆம் தேதி காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு விக்கெட்கூட விழவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, தண்ணீர் தெளித்த செம்பழுப்புப் பட்டை ஒன்றை விளையாட்டு ஸார் காட்டினார். அவ்வளவுதான். ஒரு சம்பவம் நடந்த இடத்தில் அந்தச் சம்பவம் இருப்பதில்லை என்பதை முதன்முதலாகத் தெரிந்துகொண்டதில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

என் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிற பையன் ஒருவன். பெயர் வேண்டாம். அதிகம் பேசாதவன், கணக்கில் கெட்டிக்காரன். அவன் மட்டும் பிட்ச் பக்கம் வராமல், புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வயதான மாலியிடம் போய், எண்பதில் ஆள்கள் செத்தது எந்த காலரியில் என்று கேட்டான். மாலி குழாயைக் கையில் வைத்துக்கொண்டே முகவாயால் ஒரு பக்கத்தைக் காட்டினார். பிறகு, உனக்கென்ன அது, என்று கேட்டார். விளையாட்டு ஸார் ஓடி வந்து, இன்றைக்கு அந்தப் பேச்சு எதற்கு என்று அவனை இழுத்துக்கொண்டு போனார். மாலி காட்டிய திசையில் சிமென்ட் படிகளும் வெயிலும் இருந்தன.

அந்தப் பேச்சு இதுதான். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடனில் ஈஸ்ட் பெங்காலுக்கும் மோகன் பகானுக்கும் லீக் கால்பந்து ஆட்டம். இரண்டு கட்சி ரசிகர்களும் ஒரே காலரியில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். மைதானத்தில் ஒரு முரட்டுத்தனம். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் வெளியே அனுப்பப்பட்டார்கள். அது மேலே பரவிக் கல்வீச்சாகி, எல்லோரும் ஒரே நேரத்தில் படியிறங்கப் பார்த்ததில் 16 பேர் செத்துப்போனார்கள். மிதிபட்டும் நசுங்கியும். கல்கத்தாவில் இன்றும் ஆகஸ்ட் 16இல் அவர்கள் ஞாபகமாக ரத்த தானம் செய்கிறார்கள். 1984இல் உப்பு ஏரிப் பக்கம் பெரிய ஸ்டேடியம் திறந்தபின் பெரிய கால்பந்து ஆட்டங்கள் அங்கே போய்விட்டன. ஈடன் கிரிக்கெட்டுக்கென்றே ஆகிவிட்டது.

பஸ்ஸில் அவன் எனக்குச் சொன்னான். அவனுடைய சோட்டோகாக்கா, அதாவது அப்பாவின் கடைசித் தம்பி, அன்றைக்குப் போனவர் திரும்பவில்லை. இவன் பிறப்பதற்கு ஒன்பது வருஷம் முன்னால். இவனுக்குத் தெரிந்ததெல்லாம் கூடத்தில் மாட்டியிருக்கிற ஒரு படம். ஒரே ஒரு செருப்புதான் வீட்டுக்கு வந்தது என்பார்களாம். இன்னொன்று: அந்தத் தேதியில் பாட்டி வீட்டில் மீன் சமைக்க விடமாட்டாள். இதைச் சொல்லிவிட்டு அவன் பொட்டலத்தைப் பிரித்து லூச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிட ஆரம்பித்தான். என்னுடையதில் தயிர்சாதம்.

கல்லறைத் தோட்டம் 1767இல் திறந்தது. உள்ளே நுழைந்ததும் பார்க் ஸ்ட்ரீட்டின் இரைச்சல் வாசலோடு நின்றுவிட்டது. பாசி பிடித்த பிரமிடுகள், ஊசித் தூண்கள், மண்டபங்கள். மரணத்தை விடத் தங்கள் அந்தஸ்தைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டவர்கள் கட்டியவை என்பது பார்த்ததும் தெரியும். வங்காளிப் பையன்களுக்கு அந்த இடம் ஏற்கெனவே பரிச்சயம். சத்யஜித் ராயின் ஃபெலுதா கதை ஒன்று இங்கேதான் நடக்கிறது. அவர்கள் துப்பறியக் கிளம்பிவிட்டார்கள். சரித்திர ஸார் மீதிப் பேரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். சின்ன இந்துக் கோவில் மாதிரி இருந்தது சார்லஸ் ஸ்டூவர்ட் என்ற ராணுவ அதிகாரியுடையது. தினம் கங்கையில் குளித்து விக்கிரகங்களை வைத்துப் பூஜை செய்தவர், 1828இல் இறந்தவர். எல்லாவற்றையும் விட உயரமான ஊசித் தூண் வில்லியம் ஜோன்ஸ் உடையது. சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் ஒரே மூலம் இருக்க வேண்டும் என்று 1786இல் சொன்னவர். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இல் அச்சில் நிறுவிய எல்லிஸ் 1819இல் ராமநாதபுரத்தில் இறந்து திண்டுக்கல்லில் புதைக்கப்பட்டார் என்பதும், அவருக்கு ஊசித் தூண் இல்லை என்பதும் வெகு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இது இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

பிறகு டெரோஸியோ. இந்துக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து மாணவர்களைக் கேள்வி கேட்கப் பழக்கியதற்காக 1831இல் வெளியேற்றப்பட்டு, அதே வருஷம் டிசம்பரில் காலராவில் போன கவிஞர். பிறகு சார்லஸ் டிக்கன்ஸின் மகன் வால்டர். 1863 கடைசி நாளில் கல்கத்தாவில் இறந்து பவானிப்பூரில் புதைக்கப்பட்டவன். கல்வெட்டை மட்டும் 1987இல் பெயர்த்து இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். உடம்பு ஒரு இடம், கல் ஒரு இடம். பிறகு, திருகி மேலேறுகிற வினோதமான ஒரு தூண்: ரோஸ் ஐல்மர், 1800.

என் பக்கத்துப் பையன் ஒன்றையும் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. ஒரு கையகல நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டே வந்தான்.

மறுவாரம் ஆங்கில ஸார் எங்கள் பிரயாணத்தைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார். மைதானத்தையும் மயானத்தையும் இணைத்து எழுதினால் சிலாக்கியம் என்றார். நான் இணைத்தேன். என் சித்தப்பாவை அதற்காகச் சாகடித்தேன். கும்பகோணத்தில் எல்.ஐ.சி. ஏஜெண்டாகச் சௌக்கியமாக இருந்தவரை 1980இல் ஈடன் கார்டன்ஸுக்கு அனுப்பி, மிதிபட வைத்து, ஒற்றைச் செருப்பை வீட்டுக்கு வரவழைத்தேன். மீன் சமைக்காத பாட்டியையும் விடவில்லை. எங்கள் வீட்டில் எந்தத் தேதியிலும் மீன் கிடையாது என்பது வகுப்புக்கே தெரியும். தமிழில் எழுதியிருந்தால் இது முடிந்திருக்காது. சித்தப்பா என்றோ மாமா என்றோ எழுதவேண்டி வந்திருக்கும். எழுதும்போதே அவருடைய முகம் வந்து தடுத்திருக்கும். ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று ஒரு சொல் இருக்கிறது. யாருடைய முகமும் இல்லாத சொல். அதற்குள் யாரை வேண்டுமானாலும் போட்டுக் கொன்றுவிடலாம்.

பத்துக்கு ஒன்பது. ஆங்கில ஸார் புதிதாக வந்தவர். வகுப்பில் அதை உரக்க வாசித்தார். ஒற்றைச் செருப்பு வந்த இடத்தில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் எழுந்து இது பொய் என்று சொல்லவில்லை. எழுத்தின் சக்தி என்று நான் பின்னாளில் பேசித் திரிந்த விஷயத்தை அன்றைக்குத்தான் முதலில் ருசித்தேன். பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மணி அடித்து வெளியே வரும்போது அவன் சொன்னான்: "சோட்டோகாக்கா மோகன் பகான்டா. நீ ஈஸ்ட் பெங்கால் ஆக்கிவிட்டாய்."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. கோபமாகக்கூட இல்லை, கணக்கில் தப்பு காட்டுகிற குரல்.

நான் தெரியாமல் செய்த தப்பில்லை அது. மோகன் பகானின் நிறம் பச்சையும் அரக்கும். ஈஸ்ட் பெங்காலுக்குச் சிவப்பும் பொன்னும். ரத்தத்தை வர்ணிக்கவேண்டிய வாக்கியத்தில் சிவப்புச் சட்டை பொருத்தமாக இருந்தது. சட்டையின் சிவப்பு எது, ரத்தத்தின் சிவப்பு எது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தேன். ஸார் அந்த வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தார். ஆனால் கல்கத்தாவில் அது வெறும் சட்டை அல்ல. ஈஸ்ட் பெங்கால் என்றால் கிழக்கு வங்கத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்களின் கட்சி, பாங்கால்கள், இலிஷ் மீன்காரர்கள். மோகன் பகான் இந்தப் பக்கத்துப் பூர்வீகர்களுடையது, கோட்டிகள், இறால்காரர்கள். அவர்களுடைய சண்டையும் கல்யாணமும் கேலியும் இந்தப் பிரிவின்மேல்தான் நடக்கும். ஒரு உவமைக்காக நான் அவர்கள் குடும்பத்தின் ஊரையே மாற்றியிருந்தேன். செத்தவர் கடைசி நாளில் எந்தக் கொடிக்காகக் கத்தினாரோ அதை அவர் கையிலிருந்து பிடுங்கி எதிராளியின் கொடியைக் கொடுத்திருந்தேன்.

அடுத்த வருஷம் அப்பாவுக்கு மாற்றலாகித் திருச்சிக்கு வந்துவிட்டோம். கல்லூரியில் லேண்டர் எழுதிய 'ரோஸ் ஐல்மர்' வந்தது. எட்டே வரி. பேராசிரியர் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். வகுப்பிலேயே அந்தக் கல்லறையைப் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்ற கர்வத்தில் எனக்கு ஒரு வாரம் கால் தரையில் பாவவில்லை. லேண்டர் ரோஸை வேல்ஸ் கடற்கரையில் அறிந்திருந்தார். அவள் ஒரு நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுத்த புத்தகத்திலிருந்துதான் அவருடைய முதல் பெரிய கவிதைக்கே கரு கிடைத்தது. பிறகு அவள் உறவினர்களோடு இந்தியா போய், இருபது வயதில் இறந்தாள். கவிதை 1806இல் அச்சில் வந்தது. லேண்டர் கல்கத்தாவைப் பார்த்ததில்லை, கல்லறையைப் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய வரிகள் பின்னாளில் அந்தக் கல்லில் பொறிக்கப்பட்டன.

இவன் துக்கம் என்ன துக்கம், என்பதுதான் அன்றைக்கு என் அபிப்பிராயம். கொஞ்ச காலப் பழக்கம், செத்ததோ ஏழு கடல் தாண்டி. இதற்கு ஒரு கவிதை, அதற்கு ஒரு கல்வெட்டு. விமர்சனம் எழுதத் தொடங்கியபோது இந்த அளவுகோல் கையில் தயாராக இருந்தது. உன் அனுபவமா? நீ அங்கே இருந்தாயா? இல்லையென்றால் இரவல் துக்கம். நான் இதை அனுபவ நேர்மை என்று அழைத்தேன். ஒரு திருடன் போலீஸ் வேலைக்குச் சேர்ந்தால் கொஞ்சம் அதிகமாகவே லத்தியை ஓங்குவான்.

ஒரு கவிஞர். பெயர் வேண்டாம், வாசிக்கிற முப்பது நாற்பது பேருக்கும் தெரியும். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்ததைப் பற்றி ஒரு நீண்ட கவிதை எழுதியிருந்தார். அவருக்கு ஊர் கும்பகோணம் அல்ல, குழந்தைகளும் இல்லை. இவ்விரண்டையும் குறிப்பிட்டு அந்தக் கவிதையை நான் ஒன்றரைப் பக்கத்தில் தீர்த்துக்கட்டினேன். பதில் எழுதவில்லை அவர். அதற்கப்புறம் கவிதையும் அதிகம் எழுதவில்லை. அது என்னால்தான் என்று சொல்லுமளவுக்கு எனக்கு முக்கியத்துவம் கிடையாது. இருந்தாலும்.

சென்ற மாதம் அந்தக் கேள்விக்கு அப்புறம் அதை எடுத்து மறுபடி படித்தேன். சத்துணவுச் சமையலறை கவிதையில் இருக்கிறது. அங்கிருந்து கீற்றுக்கூரைக்குத் தீ தாவியது இருக்கிறது. எதையும் அழகுக்காக நகர்த்தி வைக்கவில்லை. தனக்குத் தெரியாத ஒரு குழந்தையின் மனசுக்குள் புகுந்து பேசவில்லை. தெரிந்த இடத்தோடு நின்றுகொண்டிருக்கிறது. லேண்டரும் அதைத்தான் செய்கிறார்: அவளுடைய வியாதியையோ கப்பலையோ கடைசி நிமிஷத்தையோ கற்பனை பண்ணவில்லை. தன்னிடம் இருந்தது ஒரு பெயரும் ஒரு ராத்திரி விழித்திருக்கிற கண்ணும்தான் என்று ஒப்புக்கொண்டு அவற்றை மட்டும் வைக்கிறார். துக்கத்தை இரவல் வாங்காமல் இலக்கியத்தில் என்னதான் செய்ய முடியும்? என் பக்கத்துப் பையனுக்கே அது இரவல்தான். அவன் பிறக்கும்முன் போனவர், அவனுக்குக் கிடைத்தது படமும் பாட்டியும்தான். நான் செய்த தப்பு வாங்கினதில் இல்லை. இரவல் வாங்கின சட்டைக்குச் சாயம் ஏற்றினேன், பிறகு அது என்னுடையது என்றேன். நான்கு கட்டுரைகளில் நான் பிடித்துக்கொடுத்தவர்கள் வெறுமனே வாங்கினவர்கள். சாயம் ஏற்றினவர்களில் இரண்டு பேரையாவது நானே இந்தப் பக்கங்களில் புகழ்ந்திருக்கிறேன். வரிகள் நன்றாக இருந்தன.

அவனுடைய கட்டுரையைப் பற்றிச் சொல்லவில்லை. நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தபோது பார்த்தேன். பத்துக்கு மூன்று. இது கட்டுரை அல்ல என்று சிவப்பு மையில் ஸார் எழுதியிருந்தார். முதல் வரியில் போன தேதியும் இடமும். அதன் பிறகு வெறும் கழித்தல் கணக்குகள். இறந்த வருஷம், அதன் கீழே பிறந்த வருஷம், கோடு, விடை. பக்கம் முழுக்க. பெயர்கள் கிடையாது. கடைசிக் கணக்கு மட்டும் அந்தத் தோட்டத்தில் இல்லாத கணக்கு. மேல் வரியில் 1980 என்று இருந்தது.

2018இல் பாங்கில் எல்.எஃப்.சி. எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கல்கத்தா போனேன். ஈடனில் வாசல் காவலர் உள்ளே விடவில்லை. ஆட்டம் இல்லையென்றால் அனுமதி இல்லை என்றார். மத்தியானம் அவர்களைப் புதுச்சந்தையில் விட்டுவிட்டு நான் மட்டும் பார்க் ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். கொசு. ரோஸ் ஐல்மரின் தூணுக்கு முன்னால் நின்று சட்டைப்பையிலிருந்த ஏ.டி.எம். சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். இருபது. டெரோஸியோ இருபத்திரண்டு. உடம்பில்லாத கல்லுக்கு உரிய டிக்கன்ஸ் மகனும் இருபத்திரண்டு. அடுத்தது யாரோ ஒரு பெண்ணுடையது. வருஷம் இருந்த இடத்தில் பாசி. விரலால் சுரண்டினால் எண் வரும்போல் இருந்தது. சுரண்டலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, மூடுகிற நேரம் ஆகிவிட்டதென்று காவலாளி தூரத்திலிருந்து விசில் ஊதினார்.